புல்லட்டுக்கு மட்டும்

தன்னைக் கொல்ல ஆள் ஏற்பாடாகியிருக்கிறது என்பது மனோகருக்கு ஃபேஸ்புக் மூலமாகத்தான் தெரியவந்தது.

தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அவன். ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூசியைக் கண்டித்துச் சங்கம் நடத்திய கூட்டத்தில், "என் உசுரே போனாலும் பரவால்ல, இந்தத் தூசிய ஒழிக்காம ஓய மாட்டேன்" என்று மேடையில் முழங்கியிருந்தான். அந்தத் தூசிக்கு ஆதரவாகப் பேச தங்கவயலில் எந்தக் கட்சியும் கிடையாது. காற்றடித்தால் எல்லார் வீட்டுச் சோற்றிலும் அது பாரபட்சமில்லாமல் விழும். ஆனாலும் கூட்டத்தின் நேரலை வீடியோவுக்குக் கீழே யாரோ, "அண்ணா, ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தார்கள். மனோகர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். படிக்கப் படிக்க அதில் ரத்த வாடை அடித்தது.

எழுதியவர் கூட்டத்துக்கு மேடை போட்ட பந்தல்காரர். மேடையில் மனோகர் நின்றிருந்த பலகை விரிசல் விட்டிருந்ததைக் கீழேயிருந்து பார்த்துப் பதறிப்போய் எழுதியிருக்கிறார். கடைக்கே வந்து விளக்கமும் சொன்னார். அவர் போன பிறகு, "பாவம், இவர மிரட்டி இப்டி சொல்ல வச்சிட்டாங்க" என்று மனோகர் அவருக்காக இரக்கப்பட்டான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், துப்பாக்கியுடன் ஒரு காவலர் தன் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்டான். யார் மேல் சந்தேகம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "பெரிய இடம் சார்" என்றான். இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்துக் கொடுத்து, ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அதன் பிறகுதான் அவன் இணையத்தில் தேடி, சட்டைக்குள் போட்டுக்கொள்ளும் குண்டு துளைக்காத கவசத்தைக் கண்டுபிடித்தான். விளம்பரத்தில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கவசம் இருப்பது யாருக்கும் தெரியாதாம். பெங்களூரில் இருந்த கம்பெனிக்கு போன் போட்டான். மமதா என்ற பெண் பேசினாள். கன்னடத்தில் ஆரம்பித்து, இவன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினாள்.

"எந்த லெவல் வேணும் சார்?"

மனோகரின் அப்பாவும் தாத்தாவும் வேலை செய்த சுரங்கத்தில் லெவல் என்றால் பூமிக்குள் எவ்வளவு ஆழம் என்று அர்த்தம். "இருக்கறதுலயே பெருசு எது?" என்று கேட்டு வைத்தான்.

"அப்டி இல்ல சார். உங்களுக்கு எதுனால ஆபத்து? புல்லட்டா, கத்தியா?"

கத்தி என்றதும் மனோகருக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. கத்திக்குத்து வாங்குகிறவர்கள் சாராயக்கடைச் சண்டைக்காரர்கள். பொதுவாழ்க்கையில் இருப்பவர்கள் சுடப்படுவார்கள்.

"புல்லட்டு தான்" என்றான் கம்பீரமாக.

பார்சல் வந்தது. சுனிதாவிடம் அது முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பெல்ட் என்று சொன்னான். சுனிதா அவன் மனைவி. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவளுக்குப் புருஷனின் முதுகை ஆராய நேரமில்லை. "ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல குந்திகினு இருக்கறதுக்கு முதுகு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் மாதம். கவசம் போட்ட அரை மணி நேரத்தில் மனோகர் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆனான். கழுத்திலிருந்து இடுப்பு வரை வேர்க்குரு. ஒரு டப்பா பவுடர் நான்கு நாளில் தீர்ந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது வேறொன்று. விளம்பரம் சொன்னது அப்படியே நடந்தது: கவசம் போட்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை.

"இன்னா மனோகரு, நல்லா ஊதிட்ட? சுனிதா கேன்டீன் சாப்பாடு கட்டிகினு வருதா?" என்று எதிர்வீட்டுத் தங்கம்மா கேட்டாள்.

உயிருக்கு ஆபத்துள்ள ஒரு மனிதனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஒரு வாரம் தாக்குப்பிடித்தான். பிறகு ஹரோல்ட் அங்கிளிடம் போனான். ஹரோல்ட் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு, ரிட்டயர் ஆன பிறகு வரிசை வீடுகளின் லைனுக்கு லைன் செய்திகளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. அது மனோகருக்கு நன்றாகத் தெரியும்.

"அங்கிள், யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்று சொல்லிச் சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றிக் காட்டினான்.

"அட கடவுளே! இன்னா மேன் இது? மிலிட்டரி மாதிரி கீது?"

"புல்லட்டே வந்தாலும் உள்ள போவாது அங்கிள்."

சாயங்காலத்துக்குள் ஸ்கெலட்டன் முழுவதும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பேத்தமங்களாவிலிருந்து காய்கறி கொண்டுவரும் வெங்கடம்மா கூட, கத்தரிக்காயை எடைபோட்டபடியே அவன் நெஞ்சைக் கதவைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக உந்தி" என்று தெலுங்கில், நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தாள். சுனிதாவுக்குச் செய்தி ரயிலிலேயே கிடைத்தது. வீட்டுக்கு வந்து கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, உங்கள சுடறதுக்கு ஒருத்தன் துப்பாக்கி வாங்கி, குண்டு வாங்கி, ரயிலேறி இங்க வரணும். அவ்ளோ வேல மெனக்கெட்டு செய்யறதுக்கு நீங்க இன்னா பண்ணிட்டீங்க?"

 வரலாற்றில் இடம்பெறப் போகிறவர்களின் மனைவிமார் எல்லாரும் இப்படித்தான் என்று மனோகர் ஆறுதல் அடைந்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவன் வாழ்க்கையின் பொற்காலம். தண்ணீர் லாரியில் தகராறு என்றால் மனோகரைக் கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் பிரியாணிக்குச் சண்டை என்றால் அவனை நடுவில் நிறுத்தினார்கள். சங்கத் தலைவர் சகாயம் அவனோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதுவரை மனோகர் பேச ஆரம்பித்தால் செருப்பைத் தேடியவர்கள், இப்போது அவன் பேசி முடிக்கும் வரை அவன் மார்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மமதா போன் செய்தாள். கவசம் வசதியாக இருக்கிறதா என்று கம்பெனியில் விசாரிக்கச் சொன்னார்களாம்.

"சூப்பரா கீதுமா. வேர்வ தான் கொஞ்சம் ஜாஸ்தி. புல்லட்டே தாங்குதுன்னா கத்திலாம் இதுக்கு ஜுஜுபி, இல்ல?"



"சார், அன்னிக்கே கேட்டேனே. நீங்க புல்லட் தான் வேணும்னு சொன்னீங்க. இது கத்திக்கு இல்ல சார்."

"அதெப்படிமா? பெருசையே தாங்கறது சின்னத தாங்காதா?"

"புல்லட் மொட்டையா வரும் சார். உள்ள இருக்கற நூலெல்லாம் வலை மாதிரி அத புடிச்சிக்கும். கத்தி முனை சன்னம். நூலுக்கும் நூலுக்கும் நடுவுல பூந்து போயிடும். கத்திக்கு வேற மாடல் கீது, அனுப்பட்டுமா?"

மனோகர் போனை வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றான். அவனுக்குத் தெரிந்து பக்கத்தில் இருந்த ஒரே துப்பாக்கி பேங்க் வாட்ச்மேனுடையது. அவர் அதை ஊன்றிக்கொண்டுதான் எழுந்து நிற்பார். கத்தி இல்லாத வீடோ இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. ஊரில் எதற்கு வாய்ப்பே இல்லையோ, அதற்கெதிராகத் தன்னை முழுமையாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தான் செயலாளர்.

யாரிடமும் சொல்லவில்லை. கோடை முடிகிற வரை போட்டுக்கொண்டு திரிவது, பிறகு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி மெதுவாக மறக்கடித்துவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாளே ஷெர்வின் கத்தியோடு வந்தான்.

ஷெர்வின் பக்கத்து வீட்டு அமலாவின் கணவன். அமலா ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்துகொண்டிருந்தாள். சுனிதாவோடு அதே ரயிலில் போய்வருவாள். கணவன் ஒருநாள் அவள் கையை முறித்ததும், கோரமண்டலில் இருந்த அவன் வீட்டை விட்டுவிட்டு, அம்மா லூயிசாவிடம் வந்து சேர்ந்துவிட்டாள். போலீஸில் புகாரும் கொடுத்திருந்தாள். அந்தப் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லித்தான் ஷெர்வின் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். பன்றிக்கறி வெட்டும் நீளக் கத்தி கையில். லூயிசா வீட்டுக் கதவை உதைத்தான். திறக்காததால் கத்திப்பிடியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான்.

"வெளிய வாடி! இன்னிக்கு நீயா நானான்னு பாத்துடலாம்!"

லைனில் இருந்த ஆண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். வந்து, ஒரு நியாயமான தூரத்தில் நின்றார்கள். இரண்டு பேர் போலீஸுக்குப் போன் செய்தார்கள். நான்கு பேர் வீடியோ எடுத்தார்கள். அப்போது ஹரோல்டுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"மனோகர் எங்க மேன்? அவனத்தான் ஒண்ணும் பண்ண முடியாதே!"

மனோகர் அப்போது வீட்டுக்குள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தான். வெளியிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் ஹரோல்ட், பிறகு தங்கம்மா, பிறகு எல்லாரும். தேர்தலில் நின்றிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு ஆதரவு கிடைத்திருக்காது.

சுனிதா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னா நின்னுகினு கீறீங்க? உள்ள லூயிசாக்காவும் அந்தப் பொண்ணும் மட்டும் தான் கீறாங்க. கதவு எவ்ளோ நேரம் தாங்கும்?"

"போலீஸ் வருது இல்ல?"

"அவங்க வர்றதுக்குள்ள வெட்டிப் போட்டுடுவான். இதான் உள்ள போட்டுகினு கீறீங்களே, அப்புறம் இன்னா பயம்? போங்க!" அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்து வாசலுக்குத் தள்ளினாள்.

வாசலில் ஒரு கணம் நின்றான் மனோகர். திரும்பி, இது கத்திக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் தெரு மொத்தமும் அவன் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு உடைந்த ஜன்னலில் அமலாவின் முகம் ஒருதரம் தெரிந்து மறைந்தது. சட்டைக்குள் வேர்வை ஓடியது. கால்கள் அவனைக் கேட்காமலே நடந்தன.

"ஷெர்வின், கத்திய கீழ போடுபா. பேசிக்கலாம்."

ஷெர்வின் திரும்பினான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கோரமண்டல் ஒன்றும் வெளிநாடு இல்லையே.

"வந்துட்டாரு பாரு இரும்பு மனுசன்! போய்யா அப்பால. இது என் குடும்ப விசயம்."

"அந்தப் பொண்ணு வராதுன்னு சொல்லிச்சில்ல? விட்டுட்டு போபா."

மனோகர் கதவுக்கும் ஷெர்வினுக்கும் நடுவில் போய் நின்றான்.   ஷெர்வின் அவன் சட்டையைப் பார்த்தான். சிரித்தான்.

"நெஞ்சுல நீ கவசம் போட்டுகினு கீறேன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சிகினு நெஞ்சுல குத்த நான் இன்னா லூசா?"

குனிந்து தொடையில் குத்தினான்.

மனோகர் கத்தவில்லை. கத்த வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. முன்பக்கமாகச் சாய்ந்து, கவசத்தோடு சேர்ந்த முழு எடையுடன் ஷெர்வின் மேலேயே விழுந்தான். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். கதவைத் திறந்துகொண்டு அமலா வந்தாள். கத்தி பிடித்திருந்த கையின் மேல் ஏறி நின்றுகொண்டு, காலை எடுக்கவே இல்லை. சுனிதாவும் தங்கம்மாவும் ஓடிவந்து ஷெர்வின் தலைமுடியைப் பிடித்தார்கள். அதன் பிறகு ஆண்களும் நியாயமான தூரத்தைக் கைவிட்டு வந்தார்கள். எல்லாம் முடிந்து, ஷெர்வினைத் தூணில் கட்டி, மனோகரை ஆட்டோவில் ஏற்றிய பிறகு போலீஸ் ஜீப் வந்தது.

தையல் போட்ட டாக்டர், கொஞ்சம் உள்பக்கம் பட்டிருந்தால் ரத்தக்குழாய் போயிருக்கும் என்றார். ஷெர்வினை ரிமாண்டில் வைத்தார்கள்.

மனோகர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் சங்கம் பாராட்டு விழா நடத்தியது. மேடையின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் கவசத்தைச் சாய்த்து வைத்து, சந்தன மாலை போட்டிருந்தார்கள். மனோகருக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. சகாயம் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கவசம் மட்டும் இல்லன்னா இன்னிக்கு நம்ம செயலாளர் நம்ம நடுவுல இல்ல! விஞ்ஞானத்தோட மகிமைக்கு இதான் சாட்சி!"

மார்பில் போடுகிற கவசம் தொடையில் விழுந்த குத்திலிருந்து எப்படிக் காப்பாற்றியது என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். சகாயம் தொடர்ந்தார். ஷெர்வின் ஜாமீனில் வரப்போகிறான், அமலா கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும், அதனால் இந்தக் கவசத்தை அமலாவுக்கே கொடுத்துவிட சங்கம் தீர்மானித்திருக்கிறது என்றார். செயலாளரைக் கேட்காமலேயே செயலாளரின் பொருளைத் தானம் செய்கிற உரிமை சங்கத்துக்கு எப்போதும் உண்டு. மறுபடி கைதட்டல். அமலா எழுந்து மேடைக்கு வந்தாள். கவசத்தை வாங்கிக் கைகளில் ஏந்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அதைப் பார்த்ததும்தான் மனோகர் கம்பை ஊன்றி எழுந்தான்.

"அத போட்டுகினு போவாதம்மா" என்றான். மைக் இல்லாததால் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மைக்கை வாங்கினான். "இது கத்திக்கு ஆவாது. புல்லட்டுக்கு மட்டும் தான். கத்தின்னா நேரா உள்ள பூந்துடும். கம்பெனிலயே சொன்னாங்க."

 பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"அப்ப ஏமாந்துட்டியா மேன்?" என்று ஹரோல்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தினி நாளு அந்த வெயில்ல டம்மி பீஸ மாட்டிகினு திரிஞ்சியா?"

சகாயம் உடனே சுதாரித்து, செயலாளரை ஏமாற்றிய பெங்களூர் கம்பெனியைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். கம்பெனி ஏமாற்றவில்லை, முதலிலேயே கேட்டார்கள் என்று மனோகர் சொல்ல வாயெடுத்தான். மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுனிதா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, கீழே அமர்ந்து தொடைக்கட்டைப் பிரித்தாள். மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கம்பெனில எப்ப சொன்னாங்க?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"எப்ப சொன்னாங்கன்னு கேட்டேன்."

"சனிக்கிழம. சாயங்காலம்."

சுனிதாவின் கை நின்றது. "ஞாயித்துக்கிழம காலைல நான் உங்கள புடிச்சி தள்ளுனேன்."

"தள்ளுன."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சி."

"உசுரு போறத விட அது பெருசா?"

மனோகர் யோசித்தான். "அந்த நேரத்துக்கு அப்டிதான் இருந்துச்சி. வெளிய போன அப்புறம் அந்தப் பொண்ணு உள்ள கீதே, திரும்பி எப்டி வர்றதுன்னு தெரியல."

சுனிதா ஏதோ சொல்லப் போனாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவனைக் கேலி செய்யச் சொல் கிடைக்காமல் அவள் தடுமாறியது அதுதான் முதல் தடவை. பஞ்சை எடுத்தாள். மருந்தை அதில் அளவுக்கு மேல் ஊற்றி, அவன் வேட்டியெல்லாம் சிந்தவிட்டாள்.

கோர்ட்டுக்குப் போகிற நாளன்று அமலாவோடு லூயிசாவும், லீவு போட்டுவிட்டு சுனிதாவும் கிளம்பினார்கள். மனோகரும் கம்பை எடுத்துக்கொண்டான். அமலா திருப்பிக் கொடுத்த கவசம் மனோகர் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. தொடைக்கட்டோடு அதையும் சுமக்க அவனால் முடியாது என்பது ஒன்று. தவிர, யாரும் இனி அதைக் கேட்டு வருவதில்லை.

ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டு வராந்தாவில் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஷெர்வின் வந்தான். ஜாமீனில் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சங்கத்து விழாவோ, அதில் எழுந்த சிரிப்போ அவன் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அமலாவை நோக்கி வந்தவன், மனோகர் கம்பை ஊன்றி எழுவதைப் பார்த்து நின்றான். அவன் பார்வை மனோகரின் சட்டை மேல் விழுந்தது. பிறகு பேன்ட்டு மேல். கால் வரை போனது.

"இன்னா, இப்ப காலுக்கும் சேத்து போட்டுகினு வந்துட்டியா?"

"இல்லபா. உள்ள வெறும் பனியன் தான்" என்றான் மனோகர்.

ஒரு மாதம் முழுக்க ஊரை நம்பவைத்தவன் இப்போது உண்மையைச் சொன்னான். ஷெர்வின் அதில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை. சற்று நேரம் அவனையே முறைத்துப் பார்த்துவிட்டு, வராந்தாவின் மறுகோடிக்குப் போய்த் தன் வக்கீலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

டவாலி வெளியே வந்து அமலாவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.  உள்ளேயிருந்து அவள் குரல் வெளியே பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது. முறிந்த கையைப் பற்றிச் சொன்னாள், அதற்கு முன் நடந்ததையும் சொன்னாள். லூயிசா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். சுனிதா எழுந்து போய் நான்கு டீ வாங்கி வந்தாள். ஒன்றை, அமலா வந்ததும் குடிக்கட்டும் என்று தட்டுப் போட்டு மூடி வைத்தாள்.